புழு தின்றதுதான் முட்டையாகும்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் பெரியம்மா வீட்டுக் குசினியில் ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையக் கௌப்பி இருந்தது. பெரியம்மா அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இஞ்ச பாரு மனே, வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுந்திருக்கு. பூஞ்சணம் பிடிச்சிட்டுதோ?"

பூஞ்சணமில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முட்டை. கௌப்பி வண்டு தன் முட்டையை விதையின் தோலில் பசைபோட்டு ஒட்டியதுபோல வைத்துவிட்டுப் போகும். புதிதாக இட்ட முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், லேசில் கண்ணுக்குப் படாது. வெள்ளையாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே பொரித்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருந்த புழு வெளியே வராமல் முட்டையின் அடிப்பக்கமாகவே விதைக்குள் துளைத்து இறங்கும். இறங்கும்போது பின்னால் தள்ளிவிட்ட தூள் வெறும் கோதுக்குள் நிரம்பி அதை வெள்ளையாக்குகிறது. ஆக, பெரியம்மா புள்ளியைக் கண்ட நேரத்தில் புழு உள்ளே பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

இந்தப் புழு ஒரு விதையை விட்டு இன்னொரு விதைக்குப் போகாது. தாய் எந்த விதையில் முட்டை ஒட்டினாளோ அந்த விதைதான் அதற்கு வாழ்நாள் சாப்பாடு. 30 பாகை செல்சியஸ் சூட்டில் கிட்டத்தட்ட நாலு கிழமையில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, தோலில் வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். வந்த வண்டுக்குச் சாப்பாடு தேவையில்லை. தண்ணீர்கூட இல்லாமல் ஒரு கிழமை, பத்து நாள் இருக்கும். அதற்குள் சோடி சேர்ந்து, ஒரு பெண் வண்டு எண்பது, நூறு முட்டைவரை இட்டுவிடும்.

அந்த நூறு முட்டைக்கான சத்து முழுவதும் புழுவாக இருந்தபோது அந்த ஒற்றை விதையிலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் இதுதான். ஒரு பூச்சி எத்தனை நாளில் வளரும், எத்தனை முட்டை இடும், எந்த மருந்துக்குச் சாகும் என்று ஆய்வுகூடத்திலிருந்து ஓர் எண் வந்தால், அந்த எண்ணுக்குள் அது தின்ற சாப்பாடும் இருக்கிறது. சாப்பாட்டைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நெல்லும் பயறும் சோளனும் விளைகிற மண்ணில் இருக்கிற பீடம். இப்படியான இடங்களில் பூச்சியைப் பற்றிப் படிப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் களஞ்சியப் பூச்சிகளைத்தான். வயல் பூச்சிக்குச் செடி நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். களஞ்சியப் பூச்சிக்கு ஒரு போத்தல், கொஞ்சம் தானியம், வாய் கட்டத் துணி போதும். சுலபமாகத் தெரியும், ஆனால் பிழை விடுவதும் இங்கேதான்.

நான் விவசாயம் படித்த காலத்தில் விட்ட பிழை இன்னும் மனதில் இருக்கிறது. சிவப்பு மாவண்டை வளர்க்க வேண்டியிருந்தது. நம் ஊரில் அரிசி மூடையில் வருகிற வண்டுதானே என்று, நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சம்பா அரிசியைப் போத்தலில் போட்டு வண்டுகளை விட்டேன். ஆறு கிழமை கழித்துச் சலித்துப் பார்த்தால் விட்ட வண்டுகளில் பாதி செத்துக் கிடந்தன, புழு என்று சொல்ல ஒன்றிரண்டுதான். சூடு சரி, ஈரப்பதன் சரி. சாப்பாடுதான் பிழை. மாவண்டின் வாய்க்கு முழு அரிசி உடையாது. அரிசி வண்டு துளைத்துப்போட்ட தூள், குறுணல், தவிடு, மா இவற்றில்தான் அது பிழைக்கும். போதாததற்குத் தீட்டிய அரிசியில் அதற்கு வேண்டிய விற்றமின்களும் இல்லை. பிறகு, உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் வழக்கமாகப் போடுகிற கலவைக்கு மாறினேன்: கோதுமை மா 95 பங்கு, ஈஸ்ட் 5 பங்கு. ஒரு மாதத்தில் போத்தல் நிறைந்தது. அந்த ஐந்து பங்கு ஈஸ்ட் என்ன செய்தது என்பதை அறிந்தால் இந்த விடயத்தின் பாதி விளங்கிவிடும்.

1890களில் ஜாவாத் தீவில் கிறிஸ்தியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்ததும் அவை எழும்பின. தவிட்டோடு போனது பீ வகை விற்றமின் என்பது பிற்பாடு தெரிந்தது, அவருக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. கோழிக்கு நடந்தது வண்டுக்கும் நடக்கும். 1940களில் லண்டனில் பிராங்கெல், பிளெவெட் என்ற இருவர் மாவண்டு முதலான களஞ்சியப் பூச்சிகளுக்குப் புரதம், மாச்சத்து, உப்பு, விற்றமின் என்று ஒவ்வொன்றாக அளந்து கலந்த உணவைக் கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். பீ விற்றமின்களில் ஒன்றை எடுத்தாலும் புழு வளராமல் நின்றது, அல்லது இழுபட்டு இழுபட்டு வளர்ந்தது. ஈஸ்ட் அந்த விற்றமின்களின் களஞ்சியம்.

இன்னொன்றும் உண்டு. நம் உடம்பு கொலஸ்திரோலைத் தானே செய்துகொள்ளும். பூச்சியால் அது முடியாது. தோல் கழற்றுவதற்கான ஓமோனை உண்டாக்கவே அதற்கு அந்த வகைப் பொருள் வேண்டும், அதைச் சாப்பாட்டில்தான் எடுக்க வேண்டும். கொழுப்பை முழுதாக நீக்கிய உணவில் வளர்த்தால் புழு தோல் கழற்ற முடியாமல் சாகும்.

அப்படியானால் அரிசி வண்டு எப்படி வெள்ளை அரிசியில் பெருகுகிறது? அந்தக் கறுத்த, மூக்கு நீண்ட வண்டு தீட்டிய அரிசியிலும் குடும்பம் நடத்துகிறதே. விடை அதன் உடம்புக்குள் இருக்கிறது. அரிசி வண்டின் குடலோரத்தில் ஒரு பற்றீரியா குடியிருக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். அரிசியில் குறைவாக இருக்கிற விற்றமின்களையும் சில அமினோ அமிலங்களையும் அது செய்து கொடுக்கிறது. வண்டின் ஓடு கறுத்து இறுகுவதற்கு வேண்டிய மூலப்பொருளும் அதில் அடக்கம். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பானது: புதிதாக வந்த வண்டில் பற்றீரியா மளமளவென்று பெருகி, ஓடு இறுகி முடிந்ததும் குடலிலிருந்து வண்டாலேயே அகற்றப்படுகிறது. வேலை முடிந்தது, இனிச் சோறு போட வேண்டியதில்லை என்று கணக்குத் தீர்ப்பது போல. ஆகவே ஒரு பூச்சியின் சாப்பாடு என்று பேசும்போது, போத்தலில் நாம் போட்டதோடு அதன் வயிற்றுக்குள் யார் சமைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி கலந்த உணவில் அரிசி வண்டை வளர்த்தால் கணக்கு வேறு.

அடுத்தது அந்து. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். அரிசி அந்துப்பூச்சி, கோர்சிரா செபலோனிகா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஆலைக்காரருக்கும் கடைக்காரருக்கும் அது தொல்லை. ஆனால் உயிரியல் கட்டுப்பாடு செய்பவர்களுக்கு அதுதான் முதல். மற்றப் பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிற ரைக்கோகிரம்மா என்ற சின்னஞ்சிறு குளவியை இந்த அந்தின் முட்டையில்தான் பெருக்குகிறார்கள். தென்னங் கருந்தலைப் புழுவைத் தாக்குகிற குளவிகளை வளர்க்கவும் இந்த அந்தின் புழு உதவுகிறது. மட்டக்களப்பின் கடலோரத் தென்னந் தோட்டக்காரருக்கு அந்தக் கருந்தலைப் புழு எவ்வளவு பழைய எதிரி என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் அந்து வளர்ப்பதற்குச் சொல்லப்படுகிற கலவை இது: ஒரு தட்டுக்கு உடைத்த கம்பு இரண்டரைக் கிலோ, உடைத்த கச்சான் 100 கிராம், ஈஸ்ட் தூள் 5 கிராம், கந்தகத் தூள் 5 கிராம், ஸ்ரெப்டோமைசின் அரைக் கிராம். அதன்மேல் அரை சீசீ அந்து முட்டை தூவ வேண்டும். அரை சீசீ என்றால் கொஞ்சம் போலத் தோன்றும், அதில் 8,000 முட்டைக்கு மேல் இருக்கும். கம்பை முதலில் நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டுத்தான் தட்டில் போடுவார்கள், ஏற்கெனவே ஒளிந்திருக்கிற வேறு வண்டுகள் சாக வேண்டுமே.

ஒரு சமையல் குறிப்பு மாதிரி இருந்தாலும் இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. கம்பை உடைக்காவிட்டால் அன்று பொரித்த புழுவால் கடிக்க முடியாது. கச்சான் புரதமும் எண்ணெயும் தருகிறது. ஈஸ்ட் பீ விற்றமின். கந்தகம் தட்டில் ஏறுகிற உண்ணிகளுக்கு. ஸ்ரெப்டோமைசின் கெட்ட பற்றீரியாவுக்கு. அரிசி போடாமல் ஏன் கம்பு? தீட்டிய அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவே புரதம், கொழுப்பு ஒரு பங்குகூட வராது. கம்பில் புரதம் பதினொன்று அளவு, கொழுப்பு ஐந்து அளவு.

இந்தக் கொழுப்பைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஏனென்றால் அந்துப்பூச்சி வளர்ந்தபின் சாப்பிடாது. அதன் வாய் வேலைக்கு ஆகாது. ஒரு கிழமை, பத்து நாள் உயிரோடிருந்து நூற்றுக்கணக்கில் முட்டை இட வேண்டும், அதற்கான எரிபொருளும் கருவும் புழுப் பருவத்தில் உடம்பில் சேர்த்த கொழுப்பிலும் புரதத்திலும் இருந்துதான் வர வேண்டும். அதனால் வளர்ப்பவர்கள் முட்டையை எண்ணுவதற்கு முன்பே கூட்டுப்புழுவை நிறுத்துப் பார்க்கிறார்கள். பாரமான பெண் கூட்டுப்புழு என்றால் முட்டை நிறைய வரும் என்று தைரியமாகச் சொல்லலாம். வெறும் அரிசிக் குறுணலில் வளர்ந்த அந்து வருவதும் பிந்தும், வந்தபின் நோஞ்சானாகவும் இருக்கும்.

கம்பு நம் பக்கத்துச் சந்தையில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. எங்களிடம் இருப்பது ஆலைக் குறுணல், தவிடு, சோளன், குரக்கன், இறுங்கு. இவற்றில் எதையாவது உடைத்து, கச்சானும் ஈஸ்டும் சேர்த்தால் அந்து வளரும். வளருமா என்பதல்ல கேள்வி. எத்தனை நாளில், எத்தனை பாரத்தில், எத்தனை முட்டையோடு என்பதுதான். அம்பாறையில் ஒருவர் சோளன் உடைப்பில் வளர்த்த எண்ணையும் கோயம்புத்தூரில் ஒருவர் கம்பில் வளர்த்த எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பூச்சியை ஒப்பிடுகிறோமா தானியத்தை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாமல் போகும்.

அந்துத் தட்டைத் திறந்தவர்களுக்குத் தெரியும். மேல்பகுதி முழுக்கப் புழு நூற்ற நூலால் தானியம் கட்டி கட்டியாகப் பிணைந்திருக்கும், புளித்த மா மாதிரி ஒரு வாடை வரும். அந்துகள் மூடித் துணியில் தலை மேலே தூக்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகச் சோதனைக் குழாயால் மூடிப் பிடித்து, அடியில் வலை வைத்த பாத்திரத்தில் விட்டால் இரவில் முட்டை கீழே விழும். காலையில் சேர்த்துச் சலிக்கும்போது செட்டைச் செதில் புகைபோல எழும். முகமூடி இல்லாமல் அந்த வேலை செய்யவே கூடாது. செதில் நெஞ்சுக்குள் போய் இழுப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள், இதைப் பல இடங்களில் இன்னும் லேசாக எடுக்கிறார்கள் என்பது எனக்குக் கவலை.

அப்புறம் அந்த முட்டைகளைப் புறஊதா வெளிச்சத்தில் வைத்து உள்ளே கருவைச் சாகடித்து, அட்டையில் ஒட்டிக் குளவிக்குக் கொடுப்பார்கள். இங்கே சாப்பாட்டுச் சங்கிலி இன்னொரு கண்ணிக்குப் போகிறது. குளவிப் புழு வளர்வது அந்த முட்டைக்குள். முட்டை சிறியதென்றால் குளவியும் சிறியது. நெல்லுக்குள் வளர்கிற இன்னொரு வகை அந்தின் முட்டை அரிசி அந்தின் முட்டையைவிடச் சின்னது, அதிலிருந்து வருகிற ரைக்கோகிரம்மாவும் சின்னதாகத்தான் வரும். சிறிய குளவி குறைய முட்டை இடும். வயலில் விட்ட குளவி வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், மழையையும் மருந்தையும் விசாரிப்பதோடு அந்தத் தட்டில் என்ன தானியம் கிடந்தது என்றும் கேட்பது நியாயம்.

திரும்பக் கௌப்பி வண்டுக்கு வருகிறேன். அதில் செய்த ஒரு பரிசோதனை, சாப்பாடு ஒரு பூச்சியின் பரம்பரையையே எப்படித் திருப்பும் என்று காட்டுகிறது. 1979இல் திருநெல்வேலிப் பக்கத்தில் பயறிலிருந்து பிடித்த வண்டுக் கூட்டம் ஒன்று அமெரிக்க ஆய்வுகூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயறிலேயே வளர்ந்து வந்தது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த வண்டுகளைத் திடீரென்று மைசூர் பருப்பின் முழு விதைக்கு மாற்றினார்கள். முதல் தலைமுறையில் நூறு புழுவில் ஒன்றிரண்டுதான் பிழைத்தது. மிச்சமெல்லாம் விதைக்குள்ளேயே முடிந்தன. பிழைத்தவற்றை மறுபடி பருப்பிலேயே விட, விட, இருபது தலைமுறைக்குள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கத் தொடங்கின. இரண்டு வருடத்துக்கும் குறைந்த காலம்.

இதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு கொஞ்சம் பயமும் வந்தது. ஆய்வுகூடப் போத்தலில் பத்து வருடமாக ஒரே உணவில் இருக்கிற பூச்சி, பெயரளவில் நம் வயல் பூச்சி. உள்ளுக்குள் அது அந்த உணவுக்கென்று தேறிய வேறு ஒரு கூட்டம். அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் இடைக்கிடை வெளியிலிருந்து புதுப் பூச்சி பிடித்துக் கலக்கிறார்கள். வேறு சில கூடங்களில் கௌப்பி வண்டுக்குச் சீனித் தண்ணீரும் ஈஸ்டும் வைக்கிறார்கள். தேவையில்லாத சாப்பாடு என்றாலும் வைத்தால் குடிக்கும், கூட நாள் வாழும், கூட முட்டை இடும். வைத்தவரும் வைக்காதவரும் ஒரே பூச்சியைப் பற்றி இரண்டு எண் எழுதுவார்கள்.

வயல் பக்கம் வந்தால், கல்லோயாத் தண்ணீர் பாயும் அம்பாறை வட்டைகளிலும் சரி, படுவான்கரையிலும் சரி, அறக்கொட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். நெற்பயிரின் அடியில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சி, வயலை வட்டம் வட்டமாகக் கருக்கிவிடும் கபில நிறத் தத்தி. இதற்குப் போத்தல் சரிவராது, உயிருள்ள நாற்று வேண்டும். அதைத் தாங்காத ரகம் என்று பெயர் பெற்ற தைச்சுங் நேட்டிவ் 1 நெல்லின் நாற்றில்தான் பல நாடுகளிலும் வளர்க்கிறார்கள்.

அறக்கொட்டி குடிப்பது சாறு. சாற்றில் சீனி தாராளம், நைதரசன் தட்டுப்பாடு. யூரியா நிறையப் போட்ட நாற்றின் சாற்றில் அமினோ அமிலம் கூடும், அதைக் குடித்த பெண் பூச்சி பெருத்து, கூட முட்டை இடும், குஞ்சுகளும் கூடப் பிழைக்கும். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஆய்வுகூடத்தில் நாற்றுக்கு எவ்வளவு யூரியா இட்டோம் என்று எழுதாவிட்டால், இந்த ரகம் தாங்கும், அந்த ரகம் தாங்காது என்ற முடிவே ஆட்டம் காணும். வயலில் பச்சைப் பசேலென்று நிற்க வேண்டும் என்று ஒரேயடியாக யூரியா வீசுகிறவர்களிடம் விவசாயப் போதனாசிரியர்கள் பிரித்துப் போடச் சொல்வதன் ஒரு காரணமும் இதுவே.

அது எவ்வளவு குடித்தது என்று அளப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. நாற்றின் அடியில் வடிதாளை வைத்தால் அறக்கொட்டி கழிக்கிற தேன்துளி அதில் சொட்டும். நின்ஹைட்ரின் என்ற இரசாயனத்தைத் தெளித்தால் துளியிலுள்ள அமினோ அமிலம் ஊதா நிறமாகத் தெரியும். தாங்காத ரகத்தின் கீழே தாள் முழுக்க ஊதாக் கறை. கேரளத்துப் பட்டாம்பியிலிருந்து வந்த பீ.டீ.பீ. 33 போன்ற, அறக்கொட்டியைத் தாங்குகிற ரகத்தின் கீழே அங்கொன்று இங்கொன்று. அந்த நாற்றில் பூச்சி உட்கார்ந்திருக்கிறது, ஊசியையும் குத்துகிறது, ஆனால் பட்டினி. பட்டினி கிடந்த பெண் பூச்சிக்கு முட்டை எங்கிருந்து வரும்?

சேனா படைப்புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. 2018இல் இலங்கைக்குள் வந்து அம்பாறை உட்படப் பல மாவட்டச் சோளன் சேனைகளை அழித்த புழு. இதை வளர்க்க அவரை மா, கோதுமை முளை, ஈஸ்ட், விற்றமின் சீ எல்லாம் அகர் கூழில் கலந்து களியாகக் கிண்டி வெட்டிக் கொடுப்பார்கள். ஒன்றையொன்று தின்னும் என்பதால் ஆளுக்கொரு கிண்ணம். அந்துக்கு மாறாக இதன் வளர்ந்த பூச்சி சாப்பிடும். நூற்றுக்குப் பத்துப் பங்கு தேன் கலந்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைக்காவிட்டால் முட்டை எண்ணிக்கை விழுந்துவிடும். மருந்து சோதிக்கும்போது இன்னொரு சிக்கல்: செடியின் நச்சுகளைத் தின்று பழகிய புழுவின் உடம்பில் நஞ்சை உடைக்கும் நொதியங்கள் விழித்திருக்கும். களியில் செல்லமாக வளர்ந்த புழுவுக்குப் போதுமான மருந்து அளவு, சோளன் குருத்தில் வளர்ந்த புழுவுக்கும் போதும் என்று சொல்ல முடியாது.

பெரியம்மாவின் கௌப்பியைச் சுளகில் கொட்டி இரண்டாகப் பிரித்தோம். புள்ளி இல்லாததை நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தொட்டுப் பிசறி வேறு போத்தலில் போட்டார். எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைத்துவிடும், விதைக்கு வைப்பவர்களும் சமையலுக்கு வைப்பவர்களும் பழகிய வழி அது. புள்ளி விழுந்ததில் கொஞ்சத்தை நான் கேட்டு வாங்கினேன். ஒரு முட்டை மட்டும் உள்ள விதைகள் ஒரு மூடியில், நாலைந்து முட்டை உள்ள சின்ன விதைகள் இன்னொரு மூடியில், மேலே துணி கட்டி அலுமாரித் தட்டில் வைத்தேன்.

மூன்று கிழமை கழிந்து வண்டு வரத் தொடங்கியது. நாலைந்து முட்டை இருந்த விதைகள் பலவற்றில் இரண்டு ஜன்னல்தான் திறந்தது, மிச்சப் புழுக்கள் உள்ளேயே சாப்பாடு போதாமல் நின்றுவிட்டன. ஒற்றை முட்டை விதையில் வந்த பெண் வண்டு ஒன்றையும் மற்ற மூடியில் வந்த ஒன்றையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஒண்டாச் சாப்பிட்டது, அது பங்கு போட்டது, என்ன?" என்றார்.